கொட்டேஷனில் மாடல் நம்பரை முழுசாக எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி திறக்கப் போகிறது, பிள்ளைகளுக்கு அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பது) வாங்கப் பெற்றோர் பலர் கிளம்புவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். போன வருடம் நானும் மகளுக்காகக் கிளம்பினேன். நாலு காசு மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு கடையில் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரும் (ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600), இன்னொரு கடையில் அதை மாட்டும் பலகையான மதர்போர்டும் (பழைய ஸ்டாக் பி450) வாங்கினேன். "ரெண்டும் சேருமா?" என்று கேட்காமல் இல்லை. "ரெண்டுமே ஏஎம்4 சாக்கெட்தான் சார், தைரியமா மாட்டுங்க" என்றார் போர்டு விற்றவர். சாக்கெட் என்றால் போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்.

மாட்டினோம், கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. 5600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, தனியாகக் கார்டு போட்டால்தான் படம் வரும், 5600ஜி வாங்கியிருந்தால் உள்ளேயே இருந்திருக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. ஒரே ஓர் எழுத்து! சரி என்று மைத்துனரிடம் பழைய கார்டு ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டேன், அப்போதும் டிஸ்ப்ளே வரவில்லை. கடைசியில் எங்கள் ஊர் சர்வீஸ் தம்பிதான் கண்டுபிடித்தார். போர்டு 2018-இல் வந்த வகை, ப்ராசஸர் 2022-இல் வந்தது, பழைய ஸ்டாக் போர்டில் இருந்த பயாஸுக்கு (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) இப்படி ஒரு ப்ராசஸர் இருப்பதே தெரியாது. தன்னிடம் கிடந்த பழைய ரைசன் ஒன்றை மாட்டி, பென்டிரைவிலிருந்து பயாஸை அப்டேட் செய்து, மறுபடி எங்களுடையதைப் பொருத்தினார், படம் வந்துவிட்டது. அவருக்கு அரை மணி நேர வேலை, நாங்கள் அலைந்தது ஒன்பது நாள்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், சாக்கெட் ஒன்றுதானே. ஆனால் சாக்கெட் பொருந்துவதும் கம்ப்யூட்டர் ஓடுவதும் வேறு வேறு. எந்த போர்டில் எந்த ப்ராசஸர், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்ற பட்டியலை போர்டு நிறுவனங்களே தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கின்றன. கடையில் நின்றபடியே போனில் பார்த்துவிடலாம். பார்க்க மாடல் பெயர் முழுசாக வேண்டுமே! நம் கைக்கு வரும் கொட்டேஷனில் "மதர்போர்டு 1, ரேம் 16 ஜிபி 1" என்றுதான் இருக்கும். இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கான போர்டுகளில் டிடிஆர்4 ரேம் போடுபவையும் உண்டு, டிடிஆர்5 போடுபவையும் உண்டு. ரேமில் வெட்டு இருக்கும் இடமே வேறு, ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் நுழையாது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் இது தெரியவரும், சீல் உடைத்த பெட்டியை எந்தக் கடைக்காரர் திரும்ப வாங்குகிறார்? (கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையை நம்பி கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம், விடுங்கள்.)

ஆகவே கம்ப்யூட்டர் விற்பனையாளர்களுக்கு உங்கள் வழியாக ஒரு கோரிக்கை: காசு வாங்குவதற்கு முன்பே, கொட்டேஷனில் போர்டின் முழு மாடல் பெயர், ரேம் எந்த வகை, ப்ராசஸருக்குள் கிராஃபிக்ஸ் உண்டா இல்லையா, பயாஸ் அப்டேட் செய்து தருவீர்களா என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். வாங்கப் போகிறவர்களே, எழுதித் தராத கடையில் பெட்டியைப் பிரிக்காதீர்கள், பர்ஸையும்தான்.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்