சிமென்ட் வைத்தபின் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோரின் முதுகெலும்பு முறிவுக்கு எலும்பு சிமென்ட் வைத்து 'ஒரே நாளில் நிவாரணம்' என்று வரும் விளம்பரங்கள் பாதிச் செய்தியையே சொல்கின்றன. எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய்) முற்றியவர்களுக்கு முறிவு ஏற்பட, கீழே விழ வேண்டும் என்பதுகூட இல்லை. குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே முள்ளெலும்பு ஆப்பு வடிவில் நசுங்கிவிடலாம். நசுங்கிய அந்த எலும்புக்குள் ஊசி வழியே எலும்பு சிமென்ட் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டி 1980-களில் பிரான்சில் தோன்றியது. முதலில் சிறு பலூனை ஊதி இடமுண்டாக்கிப் பிறகு நிரப்புவது கைஃபோபிளாஸ்டி. பசைபோல் குழைத்த சிமென்ட் சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால், அது தண்டுவடப் பக்கமோ இரத்தக்குழாய்க்குள்ளோ கசியாதபடி எக்ஸ்ரே திரையில் கண் வைத்தே செலுத்துகிறார்கள்.

ஆனால், 2009-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான இரு ஆய்வுகளில், சிமென்ட் வைக்காமல் வைத்ததுபோல் பாவனை செய்யப்பட்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு வலி குறைந்தது. முறிவு ஏற்பட்டு ஆறு வாரத்துக்குள் செய்தால் பலனுண்டு என 2016-இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு கூறியது. விவாதம் இன்னும் ஓயவில்லை. மாத்திரைக்கு அடங்காத கடும்வலி உள்ளவர்களுக்கு, எம்.ஆர்.ஐ. மூலம் முறிவு புதியதுதான் என உறுதி செய்தபின் இதைப் பரிசீலிப்பதே முறை எனத் தோன்றுகிறது.

சிமென்ட் ஓர் எலும்பைத் தாங்குமேயன்றி நோயைத் தீர்க்காது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா பரிசோதனையும், எலும்பு மேலும் மெலியாமல் காக்க ஆண்டுக்கொரு முறை போடும் சோலெட்ரானிக் அமில ஊசி போன்ற மருந்துகளும் பற்றி எதுவும் சொல்லாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த எலும்பும் நொறுங்க வாய்ப்பு அதிகம். தங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்