நாடி பார்த்து எழுது

அன்புள்ள மணி,

பேத்தியின் காதுகுத்துக்கு வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரு கூத்து.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள். எடுத்த பெண் தாளைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தாள், பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாம். எனக்கோ படபடப்பில்லை, மூச்சிரைப்பில்லை. வீட்டு பிரஷர் மிஷினில் சில மாதமாக ஓரத்தில் ஒரு இதயக் குறி மின்னிக்கொண்டிருந்தது. துடிப்பு ஒழுங்கில்லை என்ற எச்சரிக்கையாம் அது. நான் இரண்டு தடவை பேட்டரியை மாற்றினேன்!

அதாவது, இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையில் காது மடல் மாதிரி ஒரு பை உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு ஆபத்து. ஆஸ்பிரின் போதாதா என்று கேட்டேன். இதற்கு அதை நம்ப முடியாது என்றார் டாக்டர். 65 தாண்டியதற்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று பக்கவாத ஆபத்துக்கு எனக்கு 2 மார்க் போட்டு, ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் என்ற மாத்திரையைக் காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார். எக்கோவில் வால்வு நன்றாக இருந்ததால் இந்த மாத்திரை. என் மைத்துனிக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சலில் வால்வு சுருங்கிவிட்டது, அவளுக்கு வார்ஃபரின் என்ற பழைய உறைதடுப்பு மருந்துதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கிறதா என்று ரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். கீரை அந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்குமென்று முருங்கைக்கீரையைக் கண்டாலே கணக்குப் பார்க்கிறாள், பாவம். எனக்கு அந்த உபத்திரவம் இல்லை. வேளை மட்டும் தப்பக்கூடாது, வீரியம் சீக்கிரம் இறங்கிவிடுமாம்.

உனக்கும் மார்க் போட்டுப் பார்த்தேன். வயது, பிரஷர், சர்க்கரை: 3. பயப்படாதே, துடிப்பு தாறுமாறாக இருப்பவனுக்குத்தான் அந்தக் கணக்கு. அது இருக்கிறதா என்று உன் விரலே சொல்லும். பெஞ்சில் தாளம் போட்டு வாத்தியாரிடம் அடி வாங்கியவன்தானே நீ? மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிஷம் கேள். எப்போதாவது ஒரு அடி தவறுவது வேறு. இது எந்தத் தாளத்திலும் அடங்காது, அடுத்த அடி எப்போது விழும் என்று உன்னாலேயே சொல்ல முடியாது. அப்படி இருந்தால் அன்றைக்கே ஈசிஜி எடு. அது வந்து வந்து போகிற ரகமாகவும் இருக்கலாம், அதனால் ஒருநாள் பார்த்துவிட்டு விட்டுவிடாதே.

கண் ஆபரேஷன் அடுத்த வாரம். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று கண் டாக்டரும் சொல்லிவிட்டார். உன் கிறுக்கல் எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா பார்க்கலாம். நாடி எப்படி இருந்தது என்று எழுது.

உன்,
ராமு