அந்த நாலு மார்க்

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய அரிசி தீர்ந்து, சாக்கு வாசலில் கால்மிதியாகவும் ஆகிவிட்டது. நன்றி சொல்ல இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதைக் கடைசியில் மொத்தமாகத் திட்டு. அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? குறுவைக்கு நாற்று விட்டாச்சா? இங்கே எல்லோரும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை உன் மகள் என் ஆபீசுக்கு வந்தாள். உனக்குத் தெரியாமல். தோழி வீட்டுக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு, மன்னார்குடியில் பஸ் ஏறி நீடாமங்கலம், வலங்கைமான் வழியாக இங்கே வந்து இறங்கியிருக்கிறாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன். பிள்ளையை ஒரு வார்த்தை கடிந்து பேசினால் நான் நேரில் வந்து உன் மில் கணக்கை ஆடிட் பண்ணுவேன், ஜாக்கிரதை.

கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் நம்பர் போட்டு இருபத்து மூன்று கேள்விகள். முதல் கேள்வி, "சி.ஏ. படிக்கப் பணக்கார வீட்டுப் பிள்ளையா இருக்கணுமா?" கடைசிக் கேள்வியைப் பிறகு சொல்கிறேன்.

அவளைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம் என்று, "ட்ரயல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள். எனக்கு மனசு விழுந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் அவ்வளவு மார்க் வாங்கிய பிள்ளை என்று தங்கச்சி சொன்னாளே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "இருப்பாய்வா மாமா?" என்றாள். ஆமாம், பற்றும் வரவும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் பட்டியல்தான் என்றதும் கொட்ட ஆரம்பித்தாள். வித்தியாசத்தைத் தற்காலிகமா அனாமத்துக் கணக்கில் போடணும், அப்புறம் விடுபிழை, விதிப்பிழை என்று வரிசையாகப் போய், "ஆனா டாலி ஆயிட்டாலும் நம்பக் கூடாது மாமா, ஈடுசெய் பிழை இருக்கலாம். ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைச்சிடும்" என்றாள். என் ஆபீஸ் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

ஆக, கணக்கு தெரிகிறது. தெரியாதது இங்கிலீஷ் பேர்கள் மட்டும்தான். அங்கேதான் எனக்குக் கவலை. இந்த சி.ஏ. பரீட்சையை இங்கிலீஷில் எழுதலாம், ஹிந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. பவுண்டேஷன் என்கிற முதல் கட்டத்தில் நாலு பேப்பர், தலா நூறு மார்க். கணக்குப்பதிவியலும் சட்டமும் மூன்று மணி நேரம் எழுதும் பேப்பர்கள். மற்ற இரண்டும், அதாவது கணிதம்-புள்ளியியல் ஒன்று, பொருளாதாரம் ஒன்று, விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. அவற்றில் ஒரு தப்பு விடைக்குக் கால் மார்க் கழிப்பார்கள், அதனால் குருட்டாம்போக்கில் டிக் அடிக்கக் கூடாது. அந்த இரண்டையும் அவள் சமாளித்துவிடுவாள். சட்டம்தான் தமிழ்மீடியம் பிள்ளைகளைக் கவிழ்ப்பது. அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: தமிழில் புரிந்துகொள், இங்கிலீஷில் எழுது. தினம் ஒரே ஒரு சட்டக் கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது, இந்த வழக்கின் சங்கதி என்ன, ஆகவே முடிவு என்ன என்று மூன்று பத்தி, சின்னச் சின்ன வாக்கியமாக. அலங்காரம் வேண்டாம். திருத்துகிறவர் அவளுடைய இலக்கணத்துக்கு மார்க் போட உட்காரவில்லை.

எந்த கோச்சிங் சென்டர் என்று நீயும் தங்கச்சியும் சண்டை போடுகிறீர்களாமே? அதையும் சொன்னாள். சேர்ப்பதென்றால் சேருங்கள், ஆனால் முதலில் சி.ஏ. இன்ஸ்டிட்யூட் தரும் ஸ்டடி மெட்டீரியலை அவள் அட்டையிலிருந்து அட்டைவரை படிக்கட்டும். இன்ஸ்டிட்யூட்டே இலவசமாக ஆன்லைன் வகுப்பு நடத்துகிறது, ஆர்.டி.பி. என்கிற திருப்புதல் வினாத்தாள், மாதிரி வினாத்தாள், பழைய கேள்விகளுக்கு விடை எல்லாம் அவர்கள் தளத்திலேயே கிடைக்கின்றன. காசு கொடுத்து நாலு பேருடைய நோட்ஸை வாங்கி அடுக்கி, எதையுமே முடிக்காமல் போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இண்டர் என்கிற இரண்டாம் கட்டத்துக்குப் போகும்போது பழைய வருமான வரிப் புத்தகமும் வேண்டாம். நாம் படித்தபோது 88-வது பிரிவு என்று உருப்போட்டோமே, அது 80சி ஆனது. இப்போது 1961 சட்டமே போய், 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்து, 80சி-யும் 123 ஆகிவிட்டது. மேட்டுத் தெரு அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கும் புத்தகங்களைப் பாசத்தோடு கொண்டுவந்து கொடுப்பார். வாங்கி எடைக்குப் போட்டுவிடு.

தங்கச்சி முதலில் பி.காம். சேரட்டும் என்கிறாளாம். அது தப்பில்லை. பி.காம். சேர்ந்துகொண்டே பவுண்டேஷன் எழுதலாம். அது தட்டிப்போனாலும், பி.காமில் 55 சதவீதம் இருந்தால் நேரே இண்டருக்குப் போகலாம். பெண்ணுக்கு ஒரு டிகிரி இருக்கட்டும் என்று அம்மா நினைப்பதை நீ கேலி பண்ணாதே.

படித்தால் மட்டும் போதாது மாப்ளே, எழுத வேண்டும். என்னிடம் ஆர்ட்டிகிள்ஸ், அதாவது ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சியில், இருந்த ஒரு பையன், எதைக் கேட்டாலும் பட்டென்று சொல்வான். பரீட்சையில் ஒரு கணக்கில் இருப்புநிலைக் குறிப்பு டாலி ஆகவில்லை. அந்த வித்தியாசத்தைத் தேடித் தேடி நாற்பது நிமிஷம் போயிற்று. கடைசி இரண்டு கேள்வியைத் தொடவே இல்லை. முப்பத்தெட்டு மார்க், பேப்பர் போச்சு. படிக்குப் படி மார்க் உண்டு, டாலி ஆகாவிட்டால் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போடா என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன். கேட்கவில்லை, நம் இனம். பாப்பாவிடம் சொல்லி, வாரம் ஒரு நாள் கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரம், மின்விசிறி இல்லாமல்கூடப் பரவாயில்லை, எழுந்திருக்காமல் எழுதப் பழக்கு. நீ பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைக் காவல் காத்தால் போதும்.

காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, பற்றி அவளுக்குப் பயம். யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது இண்டரில்தான் வரும் என்றாலும், நீ வேடிக்கையைக் கேள். "உங்க அப்பா மில்லில் ஒரு மூட்டை நெல் அரைச்சா என்னென்ன வரும்?" என்றேன். "அரிசி, குருணை, தவிடு, உமி" என்றாள். "தவிட்டை என்ன பண்றாங்க?" "எண்ணெய் மில்லுக்குப் போடறாங்க." "உமி?" "நெல் அவிக்க அடுப்புக்கு." "நெல் வாங்கின காசை இந்த நாலுக்கும் எப்படிப் பிரிப்பே?" கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "உமிக்குப் பிரிக்க வேண்டாம் மாமா, அது நம்ம அடுப்புக்கே போகுது, அதனால விறகுச் செலவு மிச்சம். தவிடு வித்த காசை மொத்தச் செலவில் கழிச்சிட்டு மிச்சத்தை அரிசிக்கும் குருணைக்கும் போடலாம். ஆனா எடையை வச்சுப் போட்டா குருணைக்கு அநியாயம், விலையை வச்சுப் போடணும்" என்றாள். டேய், கூட்டுப் பொருளும் துணைப் பொருளும் பற்றிய ஒரு அத்தியாயத்தை உன் மகள் உன் மில் வாசலில் நின்றே படித்து முடித்திருக்கிறாள்! கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புகிறார்களே, காயவைத்தால் எடை குறைகிறதே, அதுதான் இயல்பான இழப்பு, வேறொன்றும் இல்லை என்றேன். "இவ்வளவுதானா?" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீயும் இப்படித்தான் "இவ்வளவுதானா" என்பாய், நான் இரண்டு நாள் முட்டிக்கொண்டிருந்த கணக்கை.

இப்போது அந்த இருபத்து மூன்றாவது கேள்வி. "அப்பா ஏன் விட்டாங்க?"

படிப்பு ஏறவில்லை என்று நீ சொல்லிவைத்திருக்கிறாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1997 மே, இண்டர் முதல் குரூப். அக்கவுண்ட்ஸ் 58, ஆடிட்டிங் 44, சட்டம் 44. மொத்தம் 146. ஒவ்வொரு பேப்பரிலும் 40 வந்தால் போதாது, மூன்றும் சேர்ந்து 150 வர வேண்டும். நாலு மார்க். அந்த 58, 60 ஆக இருந்திருந்தால் அக்கவுண்ட்ஸுக்கு விலக்காவது கிடைத்திருக்கும், மறுபடி எழுத வேண்டியிருக்காது. அதுவும் இல்லை. அந்த நவம்பரில் உங்கப்பா படுத்துவிட்டார், மில்லைப் பார்க்க ஆளில்லை. இதுதான் நடந்தது என்று அப்படியே அவளிடம் சொன்னேன். நம் காலேஜில் படித்த ராமானுஜனையே மற்றப் பாடங்கள் கவிழ்த்து ஸ்காலர்ஷிப் போயிற்று, அப்புறம் 1912-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாகத்தான் உட்கார்ந்தார் என்ற நம் பழைய ஜோக்கையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நோட்டில் 58, 44, 44 என்று எழுதிக் கூட்டிப் பார்த்தாள்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன்.

சட்டப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, திருச்சி லாட்ஜ். "கம்பெனிக் கூட்டங்கள் போன தடவைதான் வந்தது, இந்தத் தடவை வராது, விட்டுடு" என்று உன்னிடம் சொன்னது நான். நீ நம்பிப் படுத்துவிட்டாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து, நீ விழித்துக்கொள்ளக் கூடாதென்று பாத்ரூம் விளக்கைப் போட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை நான் படித்தேன். காலையில் பஸ்ஸில் "ஏதாவது பார்த்தியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். பேப்பரில் பதினாறு மார்க்குக்கு வந்தது. வெளியே வந்து, "நம்ம ரெண்டு பேருக்கும் பட்டை நாமம்டா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ஏன் எழுப்பவில்லை என்று இத்தனை வருஷத்தில் எனக்கே பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அசந்து தூங்குகிறான், பாவம் என்பது அதில் ஒன்று. எதுவும் நிற்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று நீதான் எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தாய்.

அதனால் உன் மகளிடம் நான் வேறு எதையும்விட அழுத்திச் சொன்னது இதைத்தான்: "இது வராது" என்று எவன் சொன்னாலும் நம்பாதே, மாமா சொன்னாலும் நம்பாதே. ஏன் இப்படிக் குரலை உயர்த்துகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. நீ சொல்ல நினைத்தால் சொல். சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அது உன் இஷ்டம்.

நம் காலம்போல வருஷத்துக்கு இரண்டு தடவை இல்லை இப்போது. பவுண்டேஷனை ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று தடவை நடத்துகிறார்கள். நல்லதுதான், ஆனால் "அடுத்ததில் பார்த்துக்கலாம்" என்கிற வியாதியும் கூடவே வந்திருக்கிறது. அவள் ஜனவரிக்கு எழுதட்டும். 2023-ல் வந்த புதிய திட்டப்படி, இண்டர் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஸ், அதுவும் இரண்டே வருஷம். நம்மைப்போல பகலெல்லாம் வவுச்சரில் பச்சை மையில் டிக் அடித்துவிட்டு ராத்திரி கண்ணைக் கசக்கிப் படிக்க வேண்டியதில்லை. ஆர்ட்டிகிள்ஸுக்குச் சென்னைக்கு அனுப்பலாமா, இங்கேயே என்னிடம் இருக்கட்டுமா என்று இப்போதே கேட்காதே. என்னிடம் இருந்தால் நெல் வியாபாரியும் பாத்திரக் கடையும் நகை அடகும் கூட்டுறவுச் சங்கமும் எல்லாம் பார்ப்பாள். சென்னை போனால் பெரிய கம்பெனி பார்ப்பாள். அதை இண்டர் முடிந்ததும் அவளே சொல்லட்டும்.

வரும் ஞாயிறு காலை அவளை அனுப்பு, இந்தத் தடவை உன்னிடம் சொல்லிவிட்டு வரட்டும். போன மாச அரவை நோட்டையும் கரண்ட் பில்லையும் கையில் கொடு, அதை வைத்தே ஒரு கணக்கு போடச் சொல்லப் போகிறேன். அந்தத் திருச்சி லாட்ஜ் வாடகையில் உன் பாதி 45 ரூபாய் இன்னும் என்னிடம் அனாமத்தில்தான் நிற்கிறது. எடுத்துக்கொண்டு நீயும் வா. வரப் பிடிக்கவில்லை என்றால் பாப்பாவிடம் கொடுத்தனுப்பு, நான் புரிந்துகொள்கிறேன்.

உன்
மாப்ளே