ஆண்டறிக்கை: மிசிசிப்பி முகத்துவாரத்தைப் படித்த ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு நீர்ப்பணியை எடுத்துக்கொண்டு அதை அடிமுதல் நுனிவரை படிப்பது நம் சங்கத்தின் வழக்கம். சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இவ்வாண்டு, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் 1875 முதல் 1879 வரை ஜேம்ஸ் புக்கானன் ஈட்ஸ் கடலுக்குள் இரு சுவர்களை நீட்டிக் கப்பல் வழி திறந்த பணியைப் படித்தோம். மாதம் ஒரு ஞாயிறு மாலை என்று திட்டமிட்ட பன்னிரண்டு கூட்டங்களில் பதினொன்று நடந்தன. கார்த்திகை மாதக் கூட்டம் மட்டும் மழையால் நின்றது. நம் ஊர் முகத்துவாரம் தூர்ந்து, படகுகள் வெளியே நங்கூரமிட்டு ஓதத்துக்குக் காத்திருக்கும் நாள்களைப் பார்த்து வளர்ந்தவர்களே நம்மில் பலர். அதனால்தானோ என்னவோ, இதுவரை எந்தப் பொருளுக்கும் இல்லாத வருகை இந்தப் பொருளுக்கு இருந்தது.

முதல் மூன்று கூட்டங்களும் சிக்கல் என்ன என்பதைப் புரிந்துகொள்வதிலேயே கழிந்தன. மிசிசிப்பி கடலை நெருங்கும்போது தென்மேற்குக் கிளை, தெற்குக் கிளை, கிழக்கே ஒரு கிளை என மூன்றாகப் பிரிகிறது. ஆற்றுக்குள் கப்பல் மிதக்க வேண்டிய ஆழத்துக்கு மேலேயே ஆழம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கிளையும் கடலைத் தொடும் இடத்தில் ஒரு மணல்மேடு குறுக்கே கிடந்தது. கரைகளுக்கு நடுவே விரைந்து வந்த நீர், வாயில் அகலமாகப் பரந்து வேகம் குறைந்ததும் தான் சுமந்துவந்த வண்டலை அங்கேயே இறக்கிவிடும். தெற்குக் கிளையின் மேட்டின் மேல் ஏறத்தாழ 8 அடி நீர்தான் நின்றது. அமெரிக்காவின் நடுப்பகுதி விளைச்சல் ஆற்று வழியே நியூ ஆர்லியன்ஸ் வரை வந்தும், பெரிய கப்பல்கள் அந்தத் துறைமுகத்துக்குள் வரவும் வெளியேறவும் முடியாமல் மேட்டுக்கு இப்புறமும் அப்புறமும் கிடந்தன. வாரியபடியே தூர்ந்ததால், தூர் வாருவதில் பணம் போனதே தவிர வழி நிலைக்கவில்லை.

ஈட்ஸ் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். இளமையில் செயின்ட் லூயிஸ் நகரத் தெருவில் ஆப்பிள் விற்றவர். பிறகு ஆற்றில் மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கை மீட்கும் தொழிலில் இறங்கி, காற்றை அடைத்து நீருக்குள் இறக்கும் மூழ்குமணிக் கூட்டுக்குள் இருந்துகொண்டு ஆற்றின் அடித்தரையில் நடந்தவர். அடித்தரை கெட்டியாக இல்லை, வெள்ளக் காலத்தில் மணல் பல அடி கனத்துக்கு நீரோடு சேர்ந்து நகர்கிறது என்பதை அவர் காலால் உணர்ந்தார். வேகம் கூடினால் ஆறு மணலைத் தூக்கும், குறைந்தால் இறக்கும் என்ற அறிவு அவருக்கு அங்கிருந்து வந்தது. தாம் கட்டிய செயின்ட் லூயிஸ் பாலம் திறக்கப்பட்ட அதே 1874இல், கிளையின் இரு கரைகளையும் கடலுக்குள் நீட்டி ஆற்றை நெருக்கிவிட்டால் மேட்டை ஆறே அறுத்துக்கொண்டு போகும் என்று அவர் நாடாளுமன்றத்தின் முன் சொன்னார். இதை வாசித்தபோது, முப்பது ஆண்டுகள் படகோட்டிய நம் மூத்த உறுப்பினர் ஒருவர், “நெருக்கிவிட்டா ஆறே தோண்டிக்கும்னு எங்க அப்பா சொல்லுவாரு” என்றார். அன்றைய கூட்டத்துக்கு அதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்கவில்லை.

இராணுவப் பொறியாளர்களின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஹம்ஃப்ரீஸ் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். முகத்துவாரத்தை விட்டுவிட்டு, செயின்ட் பிலிப் கோட்டைக்கு அருகிலிருந்து கடலுக்குத் தனியே ஒரு கால்வாய் வெட்டுவதே நல்லது என்பது அவர் கட்சி. அவரை வெறும் பிடிவாதக்காரராகக் காட்டிய கட்டுரை ஒன்றை ஒரு கூட்டத்தில் வாசித்தோம். அது நியாயமன்று என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஹம்ஃப்ரீஸும் ஹென்றி ஆபட்டும் 1861இல் வெளியிட்ட மிசிசிப்பி அளவீடுகள் அக்காலத்தில் எந்தப் பேராற்றுக்கும் எளிதில் கிடைக்காத உழைப்பு. மேட்டை அறுத்தாலும் அதற்கு வெளியே புதிய மேடு விரைவில் உருவாகும் என்று அவர் அஞ்சியதிலும் பொருள் இருந்தது. அவர் தவறியது முடிவில்தான்.

1875 மார்ச் 3ஆம் நாள் சட்டம் ஈட்ஸுக்கு வேலையைக் கொடுத்தது. ஆனால் அவர் கேட்ட பெரிய தென்மேற்குக் கிளையைக் கொடுக்காமல், மூன்றிலும் சிறிய தெற்குக் கிளையைக் கொடுத்தது. தொகை 52 லட்சத்து 50 ஆயிரம் டாலர். 200 அடி அகலத்துக்கு 20 அடி ஆழம் காட்டும் வரை ஒரு காசும் கிடையாது. அதன்பின் ஆழம் கூடக்கூடத் தவணை. அதிலும் 10 லட்சம் டாலரைப் பிணையாக ஆண்டுக்கணக்கில் அரசே வைத்துக்கொள்ளும். கல்லைக் கொட்டிய கணக்குக்கு இல்லாமல் கிடைத்த ஆழத்துக்குப் பணம் என்ற இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் நம் உறுப்பினர்கள் அதிகம் பேசினார்கள். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர்கள் இருவர், இப்படியொரு ஒப்பந்தத்தில் தாங்கள் கையெழுத்திட்டிருக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டனர். ஈட்ஸ் கையெழுத்திட்டதற்கு, அவர் அந்த அடித்தரையில் நடந்திருந்ததே காரணம் என்பது என் எண்ணம்.

கட்டிய முறையே இவ்வாண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அங்கே அடித்தரை சேறு. கல்லைக் கொட்டினால் கல் உள்ளே போய்விடும். ஆகவே வில்லோ என்னும் ஆற்றங்கரை மரத்தின் விளார்களைக் கட்டி, பைன் மரச் சட்டங்களுக்கிடையே அடுக்கி, 100 அடி நீளமும் இரண்டடி கனமுமான மெத்தைகளாகச் செய்தார்கள். அவற்றைச் சரிவான மேடையிலிருந்து நீரில் தள்ளி, இழுத்துச் சென்று, முன்பே அடித்துவைத்த முளைக்கம்பங்களின் வரிசையில் நிறுத்தி, மேலே கல்லை ஏற்றி அமிழ்த்தினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அமிழ்ந்த மெத்தைகளின் இடுக்குகளில் ஆறு தன் வண்டலையே கொண்டுவந்து நிரப்பிச் சுவரை இறுக்கியது. சுவர் தாழ்ந்த இடத்தில் மீண்டும் மெத்தை போட்டார்கள். இரு சுவர்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,000 அடி. கிழக்குச் சுவர் இரண்டு மைலுக்கும் மேல் கடலுக்குள் நீண்டது.

இதைக் கண்ணால் காண வேண்டும் என்ற உறுப்பினர்களின் விருப்பப்படி, தை மாதத்தில் நம் கழிமுகத்தின் பக்கவாய்க்கால் ஒன்றில் சிறிய அளவில் செய்து பார்த்தோம். நொச்சி விளார்களைக் கூடை முடையும் அம்மையார் ஒருவர் மூன்றடி மெத்தைகளாகக் கட்டித் தந்தார். முதல் நாள் நான் கூழாங்கல்லை ஒரு பக்கமாக ஏற்றியதால் மெத்தை குப்புறக் கவிழ்ந்து, கல்லை விட்டுவிட்டு ஓட்டத்தோடு போய்விட்டது. மறுநாள் நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில் நால்வர் கல் வைக்க, அது சத்தமில்லாமல் இறங்கியது. பதினைந்து நாள் கழித்து அதைத் தூக்கப் போனபோது இருவர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. விளார்களுக்கிடையே கை நுழையாதபடி கறுஞ்சேறு கெட்டித்திருந்தது. மெத்தையை ஒட்டிய ஓட்டத்தில் முழங்கால் ஆழம் இருந்த இடம் தொடை ஆழமாகியிருந்தது. அந்தச் சேற்றைக் கையில் வைத்துக்கொண்டு நம் மூத்த படகோட்டி நெடுநேரம் பேசாமல் நின்றதை நான் மறக்க மாட்டேன்.

வேலை நடந்த காலத்தில் சுவருக்கு வெளியே புதிய மேடு வந்துவிட்டதாக வதந்தி பரவி, பணம் தருவோர் பின்வாங்கத் தொடங்கினர். 1876 மே மாதம் ஹட்சன் என்னும் கடல் நீராவிக் கப்பல் இந்த வழியே தடையின்றி உள்ளே வந்ததுதான் அந்தப் பேச்சை அடக்கியது. இன்னொரு சிக்கலும் இருந்தது: ஒரு கிளையை நெருக்கினால் ஆறு மற்ற இரண்டு கிளைகளுக்குத் திரும்பிவிடும். அதற்காக அவ்விரு கிளைகளின் தலைப்பிலும் படுகையின் குறுக்கே மெத்தைகளைப் பரப்பி, அவை மேலும் ஆழமாகாமல் செய்தார்கள். 1878இல் மஞ்சள் காய்ச்சல் அந்தப் பள்ளத்தாக்கெங்கும் பரவியது. சதுப்பில் குடிசை போட்டு விளார் கட்டிய தொழிலாளர்களின் பெயர்கள் நாம் வாசித்த நூல்களில் இல்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன். 1879 ஜூலையில் நடு ஓட்டத்தில் 30 அடி ஆழம் இருப்பதாகச் சான்று தரப்பட்டது. 1875இல் செயின்ட் லூயிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வழியே ஐரோப்பாவுக்குப் போன சரக்கு 6,857 டன். 1880இல் அது 4,53,681 டன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்கள் மேலும் பெரிதானபோது, ஈட்ஸ் முதலில் கேட்ட தென்மேற்குக் கிளையிலேயே சுவர்கள் எழுப்ப வேண்டிவந்தது.

நம் முகத்துவாரத்துக்கும் இதையே செய்யக் கோரி மனு அனுப்ப வேண்டும் என்று மாசி மாதக் கூட்டத்தில் சில இளம் உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவந்தனர். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் தீர்மானத்தை ஒத்திவைக்கப் பரிந்துரைத்தவன் நானே. மிசிசிப்பியின் மேடு ஆறு கொண்டுவந்த வண்டல். நம் கரையில் வாயை அடைப்பது பெரும்பாலும் கடல் கரையோரமாக நகர்த்திவரும் மணல். அங்கே ஆண்டு முழுதும் பேராறு தள்ளுகிறது. இங்கே மழை முடிந்ததும் ஆற்றுக்குத் தள்ளும் வலு இல்லை. ஈட்ஸ் வேலையைத் தொடங்கிய அதே 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுக்குள் நீட்டிய அந்தச் சுவர்களின் தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றதையும், வடக்கே கடல் கரையை அரித்ததையும் நாம் அறிவோம். நம் கரையில் கடலுக்குள் கல்லால் நீட்டும் நேர்கல் சுவர்களையும் தூண்டில் வளைவுகளையும் பற்றிப் பேசுமுன், இரு பக்கத்துக் கரைகளையும் பருவந்தோறும் அளந்து வைக்க வேண்டும். இதற்காக ஐவர் குழு ஒன்றைச் செயற்குழு அமைத்துள்ளது. சித்திரை முதல் மாதம் இருமுறை கயிறும் ஈயக்குண்டும் கொண்டு ஆழம் பார்த்து எழுதி வருகிறார்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே வைப்பார். மெத்தைச் சோதனைக்கான செலவை உறுப்பினர்களே பகிர்ந்துகொண்டதால் சங்க நிதியில் கை வைக்கவில்லை. வரும் ஆண்டுக்கு, டான்யூப் ஆற்றின் சுலினா முகத்துவாரத்தில் 1856க்குப் பின் சார்லஸ் ஹார்ட்லி செய்த பணியை எடுத்துக்கொள்ளச் செயற்குழு முன்மொழிகிறது. ஈட்ஸ் ஆலோசனைக் குழுவில் ஹார்ட்லியைச் சேர்த்துக்கொண்டவர் என்பதால், இவ்வாண்டு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஆழம் அளக்கும் குழுவுக்குப் படகு தர இசைந்த உறுப்பினருக்கும், விளார் கட்டித் தந்த அம்மையாருக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

செயலாளர்