செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் ஊர் நலச் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு ஏழு முறை கூடியது. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடந்தன. ஜூலையில் கண் சிகிச்சை முகாம் நடந்தது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மூவருக்குப் பரிசளித்தோம். குளக்கரையில் பனை விதை ஊன்றினோம்.

இனி உலர்களம், அதாவது நெல்லைக் காய வைக்கும் தளம். இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது. அதற்குச் சிலர் என்னைக் குறை சொன்னதும் என் காதுக்கு வந்தது. எனவே விரிவாகவே சொல்கிறேன்.

அறுவடை இயந்திரம் வந்தபின் களம் தேவையில்லை என்று நாம் எல்லோரும் நினைத்துவிட்டோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கையால் அறுத்த காலத்தில் அரி, அதாவது அறுத்துப் போட்ட கதிர், வயலிலேயே ஒரு நாள் இரண்டு நாள் காய்ந்தது. இப்போது காலையில் நிற்கும் பயிர் மாலையில் ஈர நெல்லாக வந்து குவிகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காய வைக்க இடமில்லாமல் நெல் தார்ச்சாலைக்குப் போகிறது. அங்கே கல்லும் மண்ணும் சேர்கின்றன, வண்டிச் சக்கரம் ஏறுகிறது, இரவில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். மழை வந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் அடிநெல் நனைந்துவிடுகிறது. பிறகு வியாபாரி சொன்னதுதான் விலை.

உலர்களம் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும் என்று ஜனவரி 26 கிராம சபைக்கு முன்பே உறுப்பினர் அனைவருக்கும் நேரில் சொன்னேன். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகைக்கு, 100 பேர் வேண்டும். அன்று கையெழுத்திட்டவர்கள் 63 பேர். சங்க உறுப்பினர்களில் வந்தவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். கூட்டம் தள்ளிப்போனது. நம் சங்கத்தார் மட்டும் குடும்பத்தோடு வந்திருந்தால் கோரம் நிறைந்திருக்கும். இதை ஓர் ஆண்டாக மனதில் வைத்திருந்தேன்.

மே 1 கூட்டத்துக்கு ஆள் சேர்ந்தது. ஆனால், "இடம் எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. மறு வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று ஊர் நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். நம் ஊரில் 'களம் புறம்போக்கு' என்று ஓர் இடம் பதிவாகியே இருக்கிறது. பாதியில் சீமைக்கருவேலம், மீதியில் வைக்கோல் போர்கள். அவற்றில் ஒன்று நம் உறுப்பினர் ஒருவருடையது. கேட்ட மூன்றாம் நாள் அவர் போரை மாற்றிக்கொண்டார். அவருக்கு இந்த அவையில் நன்றி சொல்கிறேன். களம், மேய்ச்சல் தரை போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரமும் நிலமும் இருந்தன. எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 15 அன்று தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் அது அலுவலகத்தில் இரண்டு மாதம் தூங்கியது. ஒரு முறை வரைபட நகல் இல்லை என்று திரும்பியது, இன்னொரு முறை கையெழுத்து இல்லை என்று. யாரையும் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. தனி அலுவலர் ஒருவர்தான் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் பொறுப்பு. நம் ஊராட்சி செயலர் பக்கத்து ஊராட்சியின் கணக்கையும் சேர்த்து எழுதுகிறார். ஊராட்சிகளுக்கான அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். வேளாண்மை, சிறு பாசனம், சந்தை என 29 துறைகளை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று அதன் பதினோராம் அட்டவணை சொல்கிறது. அத்தனையையும் தாங்க வேண்டிய அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு பீரோ, அரை ஆள். ஊராட்சி நிமிர்ந்து நிற்காமல் ஊரின் வருமானம் உயரும் என்று நான் நம்பவில்லை.

அதற்குள் குறுவை அறுவடை வந்தது. மழையும் வந்தது. நம் தெருவில் முளைவிட்ட நெல்லை எல்லோரும் பார்த்தோம். தீர்மானம் ஜனவரியிலேயே நிறைவேறியிருந்தால் இந்தக் குறுவைக்குக் களம் ஆயத்தமாகியிருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

டிசம்பரில் நில அளவையர் வந்து எல்லைக்கல் காட்டினார். களம் கட்டும் செலவு மதிப்பீடு தயாராகிறது என்று தகவல்.

கணக்கைப் பொறுத்தவரை, சந்தாவும் நன்கொடையும் ஆண்டுச் செலவுக்கு ஏறக்குறைய சரியாக இருந்தன. முகாம், பரிசளிப்பு போக ஒரு சிறு தொகை வங்கியில் இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. களத்துக்காக அலைந்த பஸ் கட்டணத்தையும் நகல் செலவையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. உறுப்பினர்களில் பாதிப்பேர் சந்தா செலுத்தவில்லை. சிலருக்கு மூன்றாண்டு நிலுவை. வெளியூரில் நல்ல வேலையில் இருப்பவர்களே இதில் அதிகம். ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது அவர்களைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இந்த ஆண்டு கேட்கப்போகிறேன். ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய வீட்டு வரியிலும் நம்மவர் சிலரின் பெயர் நிலுவைப் பட்டியலில் இருக்கிறது. களம் கேட்டு மனுக் கொடுக்கப் போன இடத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் தலை குனிந்தது.

ஊராட்சி செயலருக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும், முகாமுக்கு இடம் தந்த பள்ளித் தலைமை ஆசிரியருக்கும், தலைவர், பொருளாளருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பில் யார் இருப்பது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். ஆறு ஆண்டுகளாகப் பார்த்துவிட்டேன், முழங்கால் வலியும் இருக்கிறது. ஆனால் களத்தின் கோப்பைக் கொண்டுபோய்க் கேட்க ஒருவர் வேண்டும். அவருடன் துணைக்குப் போக இளையவர்கள் இருவர் முன்வந்தால், பழகிக்கொள்ளும்வரை நானே அழைத்துப் போவேன். வரும் ஜனவரி 26 கிராம சபையில் மதிப்பீட்டின் நிலையைக் கேட்க வேண்டும். அதற்கும் 100 கையெழுத்து வேண்டும். தீர்மான நகலும் வரைபடமும் என் வீட்டில் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்