விலக்கப்பட்டவர்களும் அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறார்கள்

மனச்சோர்வு மருந்துகளுக்கான ஆய்வுகளைத் திட்டமிடும் மருத்துவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து ஒப்பிடும் உங்கள் முறை மீது எனக்குச் சந்தேகம் கிடையாது. 1948-இல் வெளியான பிரிட்டிஷ் காசநோய் ஆய்வில், 107 பேரில் யாருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல்போல முடிவு செய்தார்கள். குணமானதா என்று எக்ஸ்ரே படம் காட்டியது.

மனச்சோர்வுக்கு அப்படிப் படம் இல்லை, கேள்விகள்தான். மனச்சோர்வின் கடுமையை அளக்க 1960-இல் வந்த ஹாமில்டன் அளவுகோலில் 17 கேள்விகள், அதிகபட்சம் 52 புள்ளிகள்; புள்ளி கூடினால் சோர்வும் கூடுதல். அவற்றில் மூன்று தூக்கத்தைப் பற்றியவை: தூக்கம் வரத் தாமதமா, நடுவில் கலைகிறதா, விடியும் முன்பே விழிப்பு வருகிறதா? இவற்றுக்கு மட்டும் 6 புள்ளிகள். அப்படியானால், நன்றாகத் தூங்க வைக்கிற மருந்து வேறெதையும் மாற்றாமலே சில புள்ளிகளைக் குறைத்துவிடலாம். மருந்துக்கும், ஒப்பிடுவதற்காகத் தரும் மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கும் இடையே சராசரி வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு புள்ளி அளவில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதைவிட என்னை உறுத்துவது சேர்க்கை விதிகள். கடுமையான தற்கொலை எண்ணம் உள்ளவர், குடிப்பழக்கத்தில் சிக்கியவர், இதயமோ சிறுநீரகமோ கெட்டவர் என்று பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். பாதுகாப்புக்காக என்பீர்கள், சரி. ஆனால் மருந்து விற்பனைக்கு வந்ததும் அவர்களுக்கும் அதைத்தான் எழுதித் தருகிறார்கள். ஆறு, எட்டு வாரம் சோதித்த மாத்திரையை அவர்கள் வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். அப்போது ஆய்வுக்குழு பக்கத்தில் இருப்பதில்லை.

இவர்களைச் சேர்க்கவே முடியாது என்றும் இல்லை. 2002-இல் வெளியான ஸாட்ஹார்ட் ஆய்வு, மாரடைப்போ தீவிர நெஞ்சுவலியோ வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் மனச்சோர்வும் இருந்த 369 பேரை எடுத்துக்கொண்டது. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து அல்லது வெற்று மாத்திரை, 24 வாரம். இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் குறையவில்லை. மனச்சோர்வில் ஒட்டுமொத்தப் பலன் சுமார்தான். முன்பும் மனச்சோர்வு வந்திருந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. இப்படி அரைகுறையாக வரும் பதில்கூட மருந்துச்சீட்டு எழுதுகிறவருக்கு உதவும்.

அடுத்த ஆய்வுத் திட்டம் மேசைக்கு வரும்போது, விலக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே காரணம் எழுதச் சொல்லுங்கள். 'வழக்கம்' என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அப்புறம், தூக்கத்துக்கான புள்ளிகளைத் தனியாகக் காட்டவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாத்திரை விழுங்கும் தரப்பிலிருந்து ஒருவர்