மூணு சீட்டுக்கு இடம் விடாதீர்கள்

கேரளத்துச் சித்தூர் தாலுகா எல்லையோர ஊர்களின் நோம்பித் திருவிழாக் கமிட்டியாருக்கு,

வணக்கம். போன நோம்பியில் ராட்டினத்துக்குப் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, "ராணி எது?" என்று பந்தயம் கட்டச் சொல்லும் மூணு சீட்டுக்காரர்களுக்கு இந்த வருஷ மைதான ஏலத்தில் இடம் விடாதீர்கள்.

"ஜெயிப்பதும் தோற்பதும் அவரவர் ராசி" என்கிறீர்கள். ராசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் மூன்றுக்கு ஒரு தடவை ராணி விழ வேண்டுமே! விழாது. ஆட்டக்காரன் ஒரே கையில் இரண்டு சீட்டை மேலும் கீழுமாகப் பிடித்திருப்பான். கீழே இருப்பது ராணி. அதைக் காட்டிவிட்டுத்தான் போடுவான். முதலில் விழுவது கீழ்ச்சீட்டு என்று கண் நம்பும். விரல் நழுவவிடுவதோ மேலே இருப்பதை. அதற்குப் பிறகு எத்தனை உற்றுப் பார்த்தும் பயனில்லை.

சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் அவன் ஆட்கள். ஒருவன் ஜெயித்துக் காட்டுவான். இன்னொருவன், ஆட்டக்காரன் திரும்பும் நேரத்தில் ராணியின் மூலையை மடித்துவிட்டுக் கண்ஜாடை காட்டுவான். பெரிய நோட்டு வெளியே வருவது அப்போதுதான். போடுகிற போக்கிலேயே அந்த மடிப்பை நிமிர்த்தி வேறு சீட்டை மடித்துவிடுவான் ஆட்டக்காரன். தப்பித்தவறி யாராவது சரியான சீட்டில் வைத்தால், கூட்டாளி அதைவிடக் கூடுதலாக வைப்பான். "பெரிய பந்தயம்தான் செல்லும்" என்று மற்றவர் பணம் திரும்பிவிடும். யாராவது சத்தம் போட்டால், "போலீஸ்!" என்று ஒரு குரல். பலகையும் இருக்காது, ஆளும் இருக்காது.

காய் பறிக்கப் போகும் ஒரு அக்கா அந்த மடிப்பை நம்பி ஆறு நாள் கூலியை வைத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மகளுக்கு எடுத்து வைத்திருந்த ஒரு டஜன் வளையலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பொரிக்கடைப் பக்கம் பார்க்கவிடாமல் இழுத்துக்கொண்டு போனார்.

கேரளத்தில் 1960-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இருக்கிறது. அதைவிட, இது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 318-ஆம் பிரிவு சொல்லும் மோசடி. பொள்ளாச்சிப் பக்கம் விரட்டினால் இங்கே வருகிறார்கள், இங்கே விரட்டினால் அங்கே போகிறார்கள். இரண்டு பக்கத்துப் போலீஸும் எல்லைக்கல்லைக் காட்டிவிடுகிறது. குடிதண்ணீர்த் தொட்டி வைக்க இடமில்லை என்றீர்களே, இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து இடம் வந்தது?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏல நோட்டீஸில் "மூணு சீட்டு, பகடை ஆட்டங்களுக்கு இடம் கிடையாது" என்று ஒரு வரி சேர்த்து அச்சடிக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நோம்பிக் கடை போடும் சிறு வியாபாரிகள்